அவசரம் லேது

வரலாறு எழுதுகிறவர்கள் கையில் உள்ள வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். தை மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பகல் பத்தேகால் மணிக்கு, ஆந்திர தேசத்தின் மாபெரும் கட்சி ஒன்று, தன் தொகுதித் தலைவரை மாற்றலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் பொறுப்பை மேல்மிட்டா அரசு ஆரம்பப் பள்ளியின் சமையல்காரி ரத்னம்மாவிடம் ஒப்படைத்தது. அப்போது அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பைச் சுமந்துகொண்டு வந்தவர் கிருஷ்ணப்பா. கட்சியின் மண்டல இன்சார்ஜ். மண்டலம் என்றதும் கடல் கடந்து வென்ற ராஜாக்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. கங்காதர நெல்லூரைச் சுற்றிக் கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் கரும்பு, மிச்சமெல்லாம் கல்லும் மேடும். ஆனால் அந்த மேட்டில் எவளுக்கு அங்கன்வாடி வேலை, எவனுக்கு ரேஷன் கடை, எந்தப் பள்ளியில் யார் கரண்டி பிடிப்பது என்பதெல்லாம் கிருஷ்ணப்பா வாயைத் திறந்தால்தான் நடக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவர் திறந்த வாய்க்குள் புகுந்துதான் ரத்னம்மா இந்தச் சமையலறைக்கு வந்து சேர்ந்தாள்.

அவர் கூலிங்கிளாஸைக் கழற்றாமல் வாசல்படியில் நின்றார். உள்ளே அடுப்புப் புகை.

"ரத்னம்மா, வியாழக்கெழம திருப்பதி போவணும். ரெடியா இரு."

"இன்னாத்துக்கு அண்ணா? அன்னிக்கு பிள்ளைங்களுக்கு சாம்பார் சாதம் கீது."

"அத்தெ சபீனா பாத்துக்குவா. விஜயவாடாலேர்ந்து அப்சர்வர் வராரு. நம்ம எம்மெல்லே ரமணா சாருக்கே மறுபடி சீட்டு குடுக்கலாமா, ஆள மாத்தலாமான்னு ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்ட்டு கேக்கப்போறாரு."

"என்னெ இன்னாத்துக்கு கேக்கணும்? நான் முட்ட உரிக்கிறவ."

"நீ பூத்து மகிளா கன்வீனர் கதா, இல்லியா?"

ரத்னம்மா கையிலிருந்த முட்டையை வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நானா? எப்போலேர்ந்து?"

"மூணு வருசமா."

வேலையில் சேர்ந்த அன்று வரிசையாகக் கையெழுத்து வாங்கிய தாள்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

"உள்ள நீயும் அவரும்தான். நீ சொல்றது வெளிய வராது. கட்சி ரகசியம்" என்றார் கிருஷ்ணப்பா. பைக்கில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பிவிட்டு, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டவர்போல் சொன்னார்: "நீ இன்னா சொன்னேன்னு சாயந்தரமே எனுக்குத் தெரிஞ்சுடும்."

பைக் சத்தம் அடங்குகிறவரைக்கும் சமையலறையில் இருந்த இரண்டு பெண்களும் முட்டை உரித்தார்கள். சபீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். ரத்னம்மாவைவிடப் பத்து வயது இளையவள். அதே பள்ளியில் இரண்டாவது சமையல்காரி.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எங்கண்ணன் பலமனேர்ல அந்த பால் டைரிகாருகிட்ட டிரைவரா கீறான்ல. இந்த தபா சீட்டு டைரிகாருக்குதான்னு அவங்க வூட்ல ஸ்வீட்டே ஆர்டர் குடுத்துட்டாங்களாம். நீ பாட்டுக்கு உள்ள போயி ரமணா சாரு வேணும்னு சொல்லிடாத. டைரிகாரு வந்தாருன்னா கிருஷ்ணப்பா வெச்ச ஆளுங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."

"உனுக்கு இன்னாடி. நீ அந்தாண்ட ஆளு. நீ இருப்ப."

"நான் இருந்து? நூத்திப்பத்து பிள்ளைங்களுக்கு ஒருத்தியா எப்பிடி வடிக்கிறது? உன்னெ தூக்கினா என் இடுப்புதான் போவும்."

ரத்னம்மா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அன்று கொழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஹெட்மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

வீட்டுக்காரன் தனசேகர் பொழுது சாயும்போதுதான் வந்தான். மாமரங்கள் பூ விட்டிருந்த சமயம். விடிகாலைப் பனி பூவின்மேல் உட்கார்ந்தால் கருகிப்போகும் என்று தோப்புக்காரர்கள் பயந்துபோய் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் தனசேகருக்குக் கூலி வேலை கிடைத்தது. முதுகில் டிரம்மைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடித்துவிட்டு வந்து, கிணற்றடியில் இரண்டு தரம் சோப்புப் போட்டாலும் மருந்து வாடை போகாது. போன இரண்டு வருடமும் தோத்தாபுரி மாங்காயை யாரும் கேட்கவில்லை. கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்று, காய் அழுகி, கடைசியில் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வருடமும் வீட்டில் அடுப்பு எரிந்தது பள்ளிக்கூடத்து அடுப்பு எரிந்ததால்தான்.

ராகிச் சங்கடியை உருட்டி அவன் தட்டில் வைத்து, நடுவில் குழிசெய்து வேர்க்கடலைச் சட்னியை ஊற்றிவிட்டு, ரத்னம்மா விஷயத்தைச் சொன்னாள். அவன் தின்பதை நிறுத்திவிட்டான்.

"நீ கன்வீனரா?"

"அப்டிதான் சொல்றாரு."

"என்னெ ஒரு வார்த்த கேக்கலியே."

"என்னையே கேக்கல. துன்னு மொதல்ல."

அவன் இரண்டு உருண்டை முழுங்கினான். "கொளத்துமேட்டு அங்கன்வாடி ஆயா கதெ தெரியும்ல? ரமணா சாரு மீட்டிங்ல பேசிக்கினு இருக்கும்போது மைக்கு கொய்யுன்னு கத்திச்சு. இவ சிரிச்சுட்டா. மைக்கப் பாத்துதான் சிரிச்சா. மறு மாசம் வேற ஆயா."

"அதத்தான் நானும் நெனச்சுக்கினு கீறேன்."

"ரமணா சாரு வேணும்னு சொன்னா டைரிகாரு வந்து தூக்குவாரு. வேணாம்னு சொன்னா இவுரு இன்னிக்கே தூக்குவாரு." அவன் விரலால் தட்டில் ஒரு கோடு கிழித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். "தலைய ஆட்டிட்டு வந்துடு. எந்தாண்ட ஆட்டினேன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"அப்பிடி ஒரு ஆட்டு எங்க விக்குது? வாங்கினு வா, ஆட்டறேன்."

இப்படிப் பேசினாலும், பாத்திரம் விளக்கும்போது சொம்பு இரண்டு தரம் வழுக்கியது.

வியாழக்கிழமை காலை, கட்சி அனுப்பிய பஸ் பனிக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. முப்பத்தெட்டுப் பேர். முன்சீட்டில் கிருஷ்ணப்பா. சித்தூர் தாண்டியதும் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவர்போல ஆரம்பித்தார்.

"எல்லாரும் ஒரே மாட்டா, ஒரே பேச்சு. மாக்கு ரமணா காரே காவாலி. சொல்லுங்க."

"மாக்கு ரமணா காரே காவாலி" என்றது பஸ். எங்களுக்கு ரமணா அவர்கள்தான் வேண்டும் என்று அர்த்தம். பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ் வீட்டுக்காரர்கள்; அவர்களும் தெலுங்கில்தான் சொன்னார்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எந்த வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தது என்று அங்கே யாரும் நின்று விசாரிக்கமாட்டார்கள்.

ரத்னம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். சந்திரகிரி தாண்டும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முந்தின நாள் எண்ணெய் டின்னுக்காக ஹெட்மாஸ்டரைக் கேட்டிருந்தாள். கிருஷ்ணா ஜில்லாக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. 'அவசரம் லேது' என்றார். அடுத்த வாரம் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டு அவள் வந்துவிட்டாள். சபீனாதான் தலையில் அடித்துக்கொண்டு, "அவரு இப்பவும் குடுக்கமாட்டாரு, அடுத்த வாரமும் குடுக்கமாட்டாரு, தேவை இல்லன்னு சொன்னாரு" என்று விளக்கினாள்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் என்றால் அவசரம். மாற்ற அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டால், ரமணா ஆட்கள் மாற்றத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். டைரிக்காரர் ஆட்கள், மாற்றலாம், நிதானமாக மாற்றலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். யாராவது சட்டையைப் பிடித்தால், நான் சொன்னது அந்த அவசரமில்லை, இந்த அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் தனக்கு இவ்வளவு புத்தி இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு இருந்தது.

அலிபிரி போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். எதிர்ச் சாரியில் மொட்டையடித்த தலைகளும், தலையில் மூட்டையும், மஞ்சள் துணி கட்டிய இடுப்புமாக ஜனங்கள் மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள்ளும் அதே மாதிரிதான்: டோக்கன், கம்பித் தடுப்பு, வரிசை, கையில் ஒரு புளியோதரைப் பொட்டலம். பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். இந்த ரூமுக்குள் போய்விட்டு வந்தவர்கள் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி வந்து, யாரையும் பார்க்காமல், நேராகக் கிருஷ்ணப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு தரம் நடந்துவிட்டு, பிறகு பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள்.

ரத்னம்மாவின் டோக்கன் எண் நூற்று அறுபத்தொன்று. பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தன் ஊரில் போர்வெல் வேண்டும் என்று ஒரு மனு எழுதிவைத்திருந்தார். அதை உள்ளே கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டார். அவள் தெரியாது என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்கும் பயம்தான்.

உள்ளே ஏசி. அப்சர்வர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நூற்று அறுபது பேர் ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில் ஒப்பித்ததில் அவருக்கு லேசாகக் கண் சொருகியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு ஒருவன். கழுத்தில் தொங்கிய அட்டையில் தமிழ்ச்செல்வன் என்று தமிழிலும் எழுதியிருந்தது. கட்சி கூலிக்கு அமர்த்தியிருந்த சர்வே கம்பெனி ஆள். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன்.

"ரமணா காரினி மார்ச்சாலா, வத்தா?" என்றார் அப்சர்வர். மாற்றணுமா, வேண்டாமா.

ரத்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் இருபது தரம் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒரேயடியாக வெளியே விழுந்தது.

"மாத்த அவசரம் லேதண்டி."

அப்சர்வர் தலையை ஆட்டினார். அவர் குண்டூர்க்காரர்; அவர் காதில் மாற்றத் தேவையில்லை என்று விழுந்தது. தமிழ்ச்செல்வன் நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று கிடைத்த சந்தோஷம்.

"தமிழாம்மா நீங்க? அவசரம் இல்லன்னு போட்டுக்கட்டுங்களா?"

"அப்டியே போட்டுக்கோப்பா" என்றாள் ரத்னம்மா.

அவன் இரண்டு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்ததும் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இந்த வேலை மட்டும் நிலைத்தால் படி முழுக்க ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தனசேகர் தொடையில் தட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "அடிப்பாவி, நீ எம்மெல்லேவா நிக்கவேண்டியவ" என்றான். அன்று அந்த வீட்டில் எல்லாரும் வயிறு நிறையத் தின்றார்கள்.

அவள் போட்ட கணக்கில் ஒரே ஒரு பிசகு இருந்தது. அந்த வார்த்தையை ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்தமாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். பயந்துபோனவன் எதையும் தனக்குப் பிடித்தமாதிரி எடுத்துக்கொள்ளமாட்டான். அந்தக் கட்சியில் அப்போது பயப்படாதவன் ஒருவனும் இல்லை.

கட்சி ரகசியம் பதினான்கு நாள் தாக்குப்பிடித்தது. பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, ரத்னம்மா பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணப்பாவின் பைக் வந்தது. இந்த முறை கூலிங்கிளாஸைக் கழற்றியிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். லேப்டாப் திரையை யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரில் இங்கிலீஷ்.

"நூத்தி அறுவத்தொண்ணு. ரத்னம்மா. இன்னா எழுதிக்கீது தெரியுமா? மாத்தணும், ஆனா அவசரம் இல்ல."

"அய்யோ, நான் அப்டி சொல்லல அண்ணா. மாத்தத் தேவையில்லன்னு சொன்னேன்."

"அவசரம்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். தெலுங்குல சொன்னேன்."

"நீ எப்போ தெலுங்குல பேசின? உங்க வூட்ல தமிழ்தான கதா."

"அந்தாளு தெலுங்குல கேட்டாரு. நானும் தெலுங்குல சொன்னேன். லேதுன்னு சொன்னேன் பாரு, லேது தெலுங்குதான?"

"லேது தெலுங்கு. அவசரம்?"

ரத்னம்மா கீரையை உதறினாள். கீரையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பா போனைப் பையில் போட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை. "முப்பத்தெட்டு பேர கூட்டினு போனேன். முப்பத்தேழு பேரு சரியா சொல்லிக்கீறாங்க. என் மண்டலத்துலேர்ந்து ஒரே ஒரு பேரு தப்பா கீது. நாளைக்கு சாரு என்னெ கேப்பாரு. நான் இன்னா சொல்றது?" பைக்கை உதைத்தார். "நாளையிலேர்ந்து நீ ஸ்கூலுக்கு வர அவசரம் லேது."

போய்விட்டார்.

ரத்னம்மா கீரைக்கூடையோடு நின்றாள். வரத் தேவையில்லை என்றாரா? அவசரப்பட்டு வரவேண்டாம், மெதுவாக வா என்றாரா? முகத்தைப் பார்த்தால் முதலாவது. ஆனால் வேலையைவிட்டு எடுக்கிறவர் 'சாவியக் குடு' என்று சொல்லியிருக்கமாட்டாரா? ஸ்டோர் ரூம் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவள் அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"போன் போட்டு கேட்டுடேன்" என்றான் தனசேகர் சாயங்காலம்.

"இன்னான்னு கேக்கறது? அண்ணா, நீங்க சொன்னது தெலுங்கு அவசரமா தமிழ் அவசரமான்னா? இல்லாத கோவமும் வரும்."

"கேக்காம போனா?"

"வேணாம்னு சொன்னப்புறமும் வரியா, அவ்ளோ திமிரான்னு கேப்பாரு."

"போவாம இருந்தா?"

"நானா நின்னுட்டேன்னு எழுதிக்குவாங்க."

தனசேகர் எழுந்துபோய், காய்ந்துகொண்டிருந்த மருந்து டிரம்மைக் காரணமில்லாமல் இன்னொரு முறை கழுவினான். ஆனி மாதம் காய் விலை போகாவிட்டால், இந்த வேலையும் இல்லாவிட்டால், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அதை இரண்டு பேரும் சொல்லவில்லை. சொல்லாததால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ரத்னம்மா வழக்கமான ஏழரைக்குப் போகவில்லை. போகாமலும் இல்லை. பத்து மணிக்குப் போனாள். தேவையில்லை என்று சொல்லியிருந்தால், சாவியைக் கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம். மெதுவாக வா என்று சொல்லியிருந்தால், இதோ மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். சமையலறை வாசலில் சபீனா தனியாக வெல்லம் இடித்துக்கொண்டிருந்தாள். அன்று சக்கரைப் பொங்கல். ஸ்டோர் ரூம் பூட்டை ஹெட்மாஸ்டர் கல்லால் உடைத்துத்தான் அரிசி எடுத்துக் கொடுத்திருந்தார்.

"வந்தியா மகராணி" என்றாள் சபீனா. "காலையிலேர்ந்து பானைய எறக்க ஆளில்ல. லேட்டா வந்த பிள்ள மாதிரி நின்னுக்கினு கீற, உள்ள வா."

"வரலாமா?"

"யாரு தடுத்தாங்க? எனுக்குத்தான் உன்மேல கோவம். எங்கண்ணன் போன் பண்ணான். ரமணா சார மாத்தத் தேவையே இல்லன்னு நீ அடிச்சு சொன்னியாம். அப்சர்வரே டைரிகாருகிட்ட சொன்னாராம். மேல்மிட்டாவுல சமைக்கிற பொம்பள ஒருத்தி ரமணாவுக்கு கெட்டி ஆளுன்னு உன் பேர குறிச்சு வெச்சுக்கீறாங்களாம்."

ரத்னம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பட்டியலிலும் அவள் பெயர். அந்தப் பட்டியலிலும் அவள் பெயர். தொகுதி முழுக்கத் தேடினாலும் இரண்டு பக்கத்துக்கும் துரோகியான ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். ரமணா ஆட்கள் அவள் வார்த்தையைத் தமிழில் கேட்டார்கள். டைரிக்காரர் ஆட்கள் தெலுங்கில் கேட்டார்கள். மாற்றிக் கேட்டிருந்தால் இரண்டு வீட்டிலும் அவளுக்கு மரியாதை.

"அழாதக்கா" என்றாள் சபீனா. "பொங்கல்ல விழும்."

ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மாவும் தனசேகரும் சித்தூருக்குப் போனார்கள். எம்.எல்.ஏ.வையே பார்த்து, இன்ன அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுவதென்று முடிவு. தனசேகர் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான், அக்குளில் இறுக்கியது. ரத்னம்மா ஒரு டப்பாவில் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு போகப் பயம்.

ரமணாவின் வீட்டு வாசலில் அவருடைய முகமே ஆளுயரத்தில் பதினாறு இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகமுடியாத அளவுக்குச் செருப்பு. ஹாலில் இருநூறு பேராவது நின்றார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. சுவரில் இருந்த பெரிய டிவியில் சத்தத்தை அமுக்கிவைத்திருந்தார்கள். மூலையில் கிருஷ்ணப்பா இவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலத் திரும்பிக்கொண்டார். ரத்னம்மா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து வரிசை நகர்ந்து அவர்களை ரமணாவின் சோபாவுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது.

பதினாறு இடத்தில் சிரித்தவரை நேரில் அடையாளம் தெரியவில்லை. சவரம் செய்யாத முகம். இரண்டு கையிலும் இரண்டு போன். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜயவாடாவிலிருந்து வரவேண்டிய அழைப்பு மூன்று நாளாக வரவில்லை என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். டீ கிளாஸை எடுத்தபோது அது கிணுகிணுவென்று தட்டில் மோதியது.

"எந்த ஊரும்மா?" என்றார்.

"மேல்மிட்டா சார். ரத்னம்மா. அந்த லிஸ்ட்ல நூத்தி அறுவத்தொண்ணு."

"எந்த லிஸ்டு?"

ரத்னம்மா கிருஷ்ணப்பா இருந்த மூலையைப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை. "சார், நான் மாத்த வேணாம்னுதான் சொன்னேன். சத்தியமா. அந்த தமிழ்ப்பையன் தப்பா போட்டுட்டான்."

ரமணா இரண்டு போனையும் மடியில் வைத்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நெஜமா அப்டி சொன்னியா? என்னெ மாத்த வேணாம்னா?"

"ஆமா சார்."

"அவங்க இன்னா சொன்னாங்க, அதுக்கு?"

"தலைய ஆட்டினாரு சார்."

"எப்பிடி ஆட்டினாரு?" ரமணா முன்னால் சாய்ந்தார். "இப்பிடியா, இப்பிடியா?"

மேலும் கீழுமாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை ஆட்டிக் காட்டினார். இரண்டு தடவை ஜெயித்த மனிதர். அவர் மீட்டிங்கில் சிரித்ததற்காக ஒருத்திக்கு வேலை போயிருந்தது. அவருடைய மேலுதட்டில் வேர்வை துளித்துளியாக நின்றது. ரத்னம்மாவுக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. இத்தனை நாளும் இவரிடம் ஏதோ இருக்கிறது, கேட்டால் கொடுப்பார், கோபம் வந்தால் பறிப்பார் என்று நினைத்திருந்தாள். இவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் என்றால், பிறகு யாரைப் போய்ப் பார்ப்பது?

"இப்பிடிதான் சார்" என்று மேலும் கீழுமாக ஆட்டினாள்.

"நல்லது. நல்லதும்மா." கச்சாய டப்பாவை அவரே கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். சிவப்பு எழுத்து ஓடியது. தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது. ரமணாவும் இல்லை, டைரிக்காரரும் இல்லை. பெங்களூரில் அபார்ட்மெண்ட் கட்டும் ஒருவர் வேட்பாளர். தொகுதியில் அவருக்கு ஒரு சித்தப்பா இருந்ததாகவும், இறந்துவிட்டதாகவும் செய்தி வாசிப்பவள் சொன்னாள். கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தான தேதியையும் சொன்னாள். அது அப்சர்வர் அலிபிரிக்கு வந்து டோக்கன் கொடுத்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தின தேதி.

ஹால் சத்தமில்லாமல் காலியாயிற்று. மழை வந்தால் களத்தில் நெல் அள்ளுகிற வேகம். வாசலில் செருப்பு மாறிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். ரமணா டப்பாவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கும்பிட்டுவிட்டுப் போகவேண்டுமா, கும்பிடாமல் போகவேண்டுமா, எது ஆபத்து என்று தெரியாமல் தனசேகர் பாதிக் கையைத் தூக்கி, அப்படியே தலையைச் சொறிந்துகொண்டான்.

கேட்டுக்கு வெளியே, ரமணாவின் ஆளுயரச் சிரிப்புக்குக் கீழே நிழலில் நின்று கிருஷ்ணப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "அன்னா, நமஸ்தே அன்னா. ஜி.டி. நெல்லூர் மண்டலம் மொத்தம் நான் பாத்துக்கறேன்னா. அந்த சித்தப்பா எனுக்கு தெய்வம் மாதிரின்னா" என்றார். வைத்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் பழைய கூலிங்கிளாஸ் திரும்பி வந்திருந்தது.

ரத்னம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"இத்தெ இன்னாத்துக்கு என்கிட்ட குடுக்கற?" என்றார் கிருஷ்ணப்பா. "நாளைக்கு புது கேண்டிடேட் நம்ம ஊருக்கு வராரு. முன்னூறு பேருக்கு சாப்பாடு. ஸ்கூல் சமையல முடிச்சுட்டு நீயும் சபீனாவும் அங்க வந்துடுங்க."

"அப்போ ஸ்கூல் வேல கீதா அண்ணா?"

"அது எங்க போவுது?"

தனசேகர் தொண்டையைச் செருமினான். "அந்த பட்டியல்ல இவ பேரு..."

"எந்தப் பட்டியல்?"

கிருஷ்ணப்பா பைக்கில் ஏறினார். கொஞ்ச தூரம் போனவர் நிறுத்தி, காலை ஊன்றித் திரும்பி, இவர்களை அருகில் வரச்சொல்லிக் கை காட்டினார். இருவரும் ஓடினார்கள். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு விஷயத்தைச் சொன்னார்.

புதிய வேட்பாளருக்கு அல்சர் இருந்தது, காரம் ஆகாது.